குற்றவாளிகள் யார்?

ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கிய “காதல் என்பது பொதுவுடைமை” (2025) படத்தை றொசல்லயில் நண்பர் வீட்டுத் தொலைக்காட்சியில் கண்டேன். மகள் அழைத்துவரும் காதலர் ஒரு பெண் என்றறிந்ததும், முற்போக்கு பேசிய தாயே கலங்குகிறாள். “இது நம் பண்பாட்டுக்கு அடுக்குமா?” என்றார் நண்பர்.

பண்பாடு இருக்கட்டும்; சட்டத்தைப் பாருங்கள். வெள்ளையர் விட்டுச்சென்ற தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு ஆண்களை மட்டுமே சுட்டிற்று. 1995இல் நமது பாராளுமன்றமே “ஆண்” என்ற சொல்லை அகற்றிப் பெண்களையும் குற்றவாளிகளாக்கிற்று. ஒருபாலுறவு குற்றமன்று எனத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023இல் உயர் நீதிமன்றம் தெளிவாக்கிற்று.

1948இல் சட்டமொன்றினால் நாடற்றோராக்கப்பட்ட மலையக மக்கள் நாம். எவருக்கும் தீங்கிழையாத இருவரைச் சட்டம் குற்றவாளி என்னுமாயின், நாம் அதற்குத் தலையாட்டலாமா? அப்பிரிவை நீக்குதல் பாராளுமன்றத்தின் கடன்; நீக்குமாறு கேட்டல் நம் கடன்.