ஏழைக்கு எதற்கு விண்மீன்?

"சோற்றுக்கு வழியில்லாத நாட்டுக்குத் தொலைநோக்கி ஒரு கேடா?" என்னும் வினாவைக் கல்மண்டபத்துத் தேநீர்க் கடையிலும் கேட்கிறோம், கற்றறிந்தோர் கூடும் அரங்கிலும் கேட்கிறோம். கேட்போர் ஏழையின்பால் இரக்கம் கொண்டவராகத் தோன்றுவதால் மறுமொழி கூறப் பலரும் தயங்குகின்றனர். நாம் தயங்கப் போவதில்லை. ஏழைக்குப் பரிவது போன்ற இவ்வினா, உண்மையில் அவனுக்குரிய வானத்தை அவனிடமிருந்து பறிக்கிறது என்பதே நம் வாதம்.

எதிர்வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வோம். 2021ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி விண்ணில் ஏவப்பட்டது. தங்கப் பூச்சிட்ட 18 ஆடிகள் இணைந்த, 6.5 மீட்டர் அகலமுள்ள அதன் கண், புவியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று, 1,300 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியையும் ஏந்துகிறது. பேரண்டம் விரிய விரிய அவ்வொளியின் அலைகளும் நீண்டு, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாகி விடுகின்றன. அவற்றைக் காண்பதற்கென்றே, கடுங்குளிரில் இயங்குமாறு அக்கருவியை அமைத்தனர். செலவு ஏறத்தாழ 1,000 கோடி டாலர். நம் நாடும் வாளாவிருக்கவில்லை. ஹவாய்த் தீவின் மவுனா கியா மலையில் அமைக்கத் திட்டமிடப்பட்ட 30 மீட்டர் தொலைநோக்கியில் பங்கேற்பதற்காக, நடுவண் அமைச்சரவை 2014இல் ஏறத்தாழ 1,300 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. அப்பணத்தில் எத்தனை குடிசைகள் வீடாகும், எத்தனை பள்ளிகளுக்குக் கூரை வரும் என்று கணக்கிடுவது தவறன்று.

கணக்கு என்று வந்துவிட்டால் முழுக் கணக்கையும் பார்ப்போம். 2022-23 நிதியாண்டில் டாஸ்மாக் மது விற்பனையால் தமிழக அரசுக்குக் கிடைத்த வருவாய் 44,000 கோடி ரூபாய்க்கும் மேல். பல ஆண்டுகளுக்குப் பரவிய அந்த 1,300 கோடி, இக்கணக்கில் பதினோரு நாள் வருவாய்க்குள் அடங்கும். மீனவரும் சுமை தூக்குவோரும் ஈட்டிய கூலியும் அவ்வருவாயில் கலந்திருக்கிறது. ஏழையின் அடுப்பை அணைப்பது எது? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது போல, பட்டினிக்கும் தொலைநோக்கிக்கும் முடிச்சுப் போடுவோர் மதுக்கடையின் முன் வாய் மூடி நிற்பது ஏன்?

தொலைநோக்கியால் சாமானியனுக்கு என்ன பயன் என்பது அடுத்த வினா. தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. நம் நகரின் வரலாறே விடை சொல்லும். 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வகம் எழுப்பியது. அறம் கருதி எழுப்பவில்லை. கப்பல் வழி செல்லவும், நிலத்தை அளக்கவும் விண்மீன் கணக்கு அதற்கு வேண்டியிருந்தது. அங்கு நிறுத்திய கருங்கல் தூணில் பிற மொழிகளோடு தமிழிலும் செய்தி பொறித்து வைத்தனர். 1856இல் நம் ராயபுரத்திலிருந்து தென்னகத்தின் முதல் புகைவண்டி புறப்பட்டது. பின்னாளில் இந்திய இருப்புப்பாதைகள் பொது நேரமாகக் கொண்ட 'மதராஸ் நேரம்', அவ்வாய்வகத்தில் விண்ணைப் பார்த்துக் கணித்த நேரமே. 1906இல் இந்தியத் திட்ட நேரம் வரும்வரை அந்நிலை நீடித்தது. விண்ணை நோக்கிய கண்ணாடியே வண்டிக்கு மணி சொன்னது.

எனினும் பயன் ஒன்றையே சான்றாக்கி வழக்காட நாம் விரும்பவில்லை. அதனினும் பெரியது ஒன்று உண்டு. 1867இல், அதே ஆய்வகத்தில் உதவியாளராய்ப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். ஏவல் கேட்கும் இடத்தில் வைக்கப்பட்ட இந்தியர், ஆளும் இனத்தாரின் கருவி வழியே அவர்கள் காணாததைக் கண்டார். நூறாண்டு கழித்து, 1968இல் ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு சிறியதொரு தொலைநோக்கியுடன் பணியைத் தொடங்கினார். 1977இல் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்கோளுக்கு வளையங்கள் உண்டெனக் காட்டிய ஒளிமங்கல் காவலூரிலும் பதிவாயிற்று. 1986இல் அங்கு நாட்டுக்கு உரிமையாக்கப்பட்ட தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடியைத் தேய்த்து மெருகிட்டவை நம் நாட்டுக் கைகளே. அறிவை இரந்து பெறும் நாடு, அதை ஆக்கித் தரும் நாடாக நிமிர்வது இவ்வாறுதான்.

ஏழைக்கு வயிறு மட்டுமே உண்டு, வியப்பு இல்லை என்று எண்ணுவதைப் போன்ற அவமதிப்பு வேறில்லை. எந்த ஆய்வகமும் எழுமுன்னரே, நம் கடற்கரையில் கட்டுமரம் செலுத்தியவர் விடிவெள்ளியையும் கார்த்திகைக் கூட்டத்தையும் அறிந்திருந்தனர். இன்று துறைமுகத்தின் விளக்குக் கம்பங்களும் எண்ணூர், மணலிப் பக்கத்துப் புகையும் அவர்தம் பேரப்பிள்ளைகளின் கண்களிலிருந்து அவ்விண்மீன்களை மறைத்துவிட்டன. பெத்லகேமில் விண்ணொளி முதலில் சூழ்ந்தது இரவுக் காவலில் இருந்த இடையர்களையே. துறைமுகத்தின் இரவு வேலையாளுக்கு வானம் எதற்கு என்று கேட்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

நேர்மையான வினாவும் ஒன்று உண்டு. மவுனா கியாவைத் தம் புனித மலையெனப் போற்றும் ஹவாய்ப் பூர்வகுடி மக்கள், 2015இலும் 2019இலும் தொலைநோக்கிக் கட்டுமானம் தொடங்காதவாறு பாதையை மறித்தனர். எவர் மலையில், எவர் இசைவோடு என்பதே அவர்கள் எழுப்பிய வினா. அது நீதியின் வினா. அதற்கு அறிவியல் விடை சொல்லியே ஆக வேண்டும். நாமும் அதைப் போன்றதொரு வினாவையே எழுப்ப வேண்டும்: தொலைநோக்கி எவருக்காக?

லடாக்கின் ஹன்லேயில், நம் வானாய்வகத்தைச் சுற்றிய பகுதி 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கு விளக்குகளுக்கு மறைப்பிட்டனர். ஊர் மக்களுக்கே தொலைநோக்கிகள் தந்து, வருவோருக்கு விண்ணைக் காட்டப் பயிற்சியும் அளித்தனர். சிற்றூரார்க்கு இயன்றது வடசென்னைக்கு ஏன் இயலாது? நகரின் கோளரங்கம் 1988 முதல் தென்பகுதியில், கோட்டூர்புரத்தில் இருக்கிறது. நம் மாநகராட்சிப் பள்ளிகளுக்குச் சிறு தொலைநோக்கிகள் வேண்டும். தமிழில் வானியல் நூல்கள் வேண்டும். வானத்தில் வீணாகும் ஒளியைத் தரைக்குத் திருப்பும் மறைப்புகள் தெருவிளக்குகளுக்கும் துறைமுக விளக்குகளுக்கும் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஆண்டில் ஓர் இரவேனும் காவலூரில் கிடைக்க வேண்டும். சோறும் கேட்போம், விண்மீனும் கேட்போம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்போரிடம் இரண்டையுமே கேட்போம்.