சுவரை மூடும் முன் ஒரு நாள்: வீடு கட்டுபவர்கள் கேட்க மறக்கும் கேள்விகள்

வீடு கட்ட ஆரம்பித்துவிட்டால் அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. "அந்த கம்பெனி பைப்பையே போடுங்க", "இந்த டேங்க்தான் பெஸ்ட்", "எங்க வீட்டுக்கு வேலை பார்த்த பிளம்பரை அனுப்பி வைக்கிறேன்" என்று அலுவலக நண்பர் முதல் எதிர்வீட்டு மாமா வரை ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லாமே நல்ல எண்ணத்தில் சொல்லப்படுபவைதான். ஆனால் குடிபோய் இரண்டு வருடம் கழித்துப் படுக்கையறைச் சுவரில் பெயின்ட் உப்பிக்கொண்டு உதிரும்போது, இந்த அறிவுரைகளில் பெரும்பாலானவை கைகொடுப்பதில்லை.

காரணம் எளிது. இவை எல்லாம் 'எதை வாங்குவது' என்பதைப் பற்றியவை. வீட்டில் ஏற்படும் கசிவுகளில் பல, பைப் எப்படி ஒட்டப்பட்டது, ஒட்டிய பிறகு யாராவது சோதித்தார்களா என்பதைப் பொறுத்தவை. எனவே வீடு கட்டுபவர் முதலில் கேட்க வேண்டியது, "எந்த பிராண்டு?" என்பதை அல்ல. "எதைச் சோதிக்காமல் மூடக் கூடாது?" என்பதைத்தான். அந்தச் சோதனைக்கு ஒரு நாளும், அதற்குரிய கூலியும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

சோதனை ஏன் நடப்பதில்லை?

பிளம்பர்களைக் குறை சொல்வது சுலபம். வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும். பல வீடுகள் சதுர அடி ரேட்டில் கான்ட்ராக்ட் விடப்படுகின்றன. பிளம்பருக்குக் கூலி, பாயிண்ட் கணக்கிலோ ஒரு குளியலறைக்கு இவ்வளவு என்றோ பேசப்படுகிறது. சுவரை வெட்டி, பைப்பைப் பதித்துவிட்டு அவர் அடுத்த சைட்டுக்குப் போக வேண்டும். பின்னால் பூச்சு வேலைக்குக் கொத்தனார் காத்திருப்பார். அவருக்குப் பின்னால் டைல்ஸ் ஒட்டுபவர். இந்த வரிசையில் சோதனைக்கென்று யாருக்கும் காசு இல்லை, நாளும் இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடன் வாங்கிய மகனோ மகளோ சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில் இருப்பார். ஊரில் சைட்டைப் பார்த்துக்கொள்வது அப்பா. "பைப் ஜாயின்ட் சரியா இருக்கா மேஸ்திரி?" என்று அவர் கேட்டால், "இருபது வருஷமா இப்படித்தான் சார் பண்றோம்" என்று பதில் வரும். அதற்கு மேல் அவரால் என்ன கேட்க முடியும்? அனுபவத்தோடு வாதாடினால் தோல்விதான். ஓர் அளவைக் காட்டிக் கேட்டால், கேட்பவருக்கும் சங்கடம் இல்லை, வேலை செய்பவருக்கும் அவமானம் இல்லை.

மூடும் முன் செய்ய வேண்டியவை என்னென்ன?

முதலாவது, பிரஷர் டெஸ்ட். குழாய் முனைகளை எல்லாம் அடைத்து, பைப்புக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றித் தண்ணீர் நிரப்பி, மீட்டர் பொருத்திய கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுவது. வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்காவது ஏற்றிவிட்டு, சில மணி நேரம் மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. சுவர் திறந்திருக்கும்போது அதைக் கண்டுபிடிப்பது எளிது.

"டேங்க் தண்ணியை விட்டுப் பாத்தாச்சு சார், ஒழுகல" என்பது இந்தச் சோதனைக்கு ஈடாகாது. தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால்தான் கீழே சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். 20 அடி உயரத்தில் இருக்கும் டேங்க் தருவது சுமார் 0.6 பார்தான். அந்த அழுத்தத்தில் அரைகுறையாக ஒட்டிய ஜாயின்ட்கூடத் தாக்குப்பிடிக்கும். பின்னாளில் ஷவருக்காக பிரஷர் பம்ப் பொருத்தும்போதுதான் அது தன் வேலையைக் காட்டும்.

ஒரு எச்சரிக்கை: காலையில் ஒட்டிய பைப்பை மாலையே சோதிக்கக் கூடாது. ஒட்டும் சொல்யூஷன் முழுதாக இறுக அவகாசம் வேண்டும். பைப்பின் அளவையும் வெயிலையும் பொறுத்து அது மாறும். எவ்வளவு நேரம் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும்.

இரண்டாவது, தண்ணீர் தேக்கிப் பார்ப்பது. குளியலறைத் தளத்துக்கு வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும், வடிகால் வாயை அடைத்துத் தண்ணீர் தேக்கி, மட்டத்தைச் சுவரில் கோடு போட்டுக் குறித்து, குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். வெயிலில் ஆவியாகிச் சிறிது குறையலாம். எனவே கோட்டை மட்டும் பார்த்தால் போதாது. கீழ்த்தளத்தின் கூரையில் ஈரம் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கழிவுநீர்க் குழாயின் சாய்வு. 4 அங்குலப் பைப்புக்கு 10 அடி நீளத்தில் 2 முதல் 3 அங்குலம் வரை சரிவு இருந்தால் போதும். ரசமட்டமும் ஒரு டேப்பும் இருந்தால் அப்பாவே பார்த்துவிடலாம். மண் மூடிய பிறகு இதைச் சரிசெய்வது என்றால் தோண்டித்தான் ஆக வேண்டும்.

நான்காவதற்குச் செலவே இல்லை. பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுப்பது. தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் பைப் எவ்வளவு தூரத்தில் போகிறது என்பது தெரியும்படி, டேப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்துக் கண்ணாடி மாட்டவோ கெய்சரை இடம் மாற்றவோ டிரில் போடும்போது, அந்தப் போட்டோவின் அருமை தெரியும்.

"எங்க வீட்டுல ஒண்ணும் ஆகலையே!"

அறிவுரைகளில் அதிகம் கேட்கும் வாசகம் இதுதான். இது பொய் இல்லை. ஆனால் அந்த வீட்டின் சூழல் இந்த வீட்டுக்குப் பொருந்துமா என்று யாரும் யோசிப்பதில்லை.

"சாதா பைப்தான் போட்டோம், பத்து வருஷமா ஓடுது" என்று ஒருவர் சொல்கிறார். அவர் வீட்டில் கெய்சரே இல்லாமல் இருக்கலாம். குளிர்ந்த நீருக்கான யு.பி.வி.சி. பைப்பில் வெந்நீர் விட்டால் அது இளகி வலுவிழக்கும். வெந்நீர் லைனுக்கு சி.பி.வி.சி. தேவை. முன்னதற்கு ஐ.எஸ். 4985, பின்னதற்கு ஐ.எஸ். 15778 என்ற தர எண்கள் உண்டு. பைப்பின் மேலேயே அச்சிட்டிருக்கும். லோடு வந்து இறங்கும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும். ஒட்டும் சொல்யூஷனும் இரண்டுக்கும் வேறு வேறு. 'எல்லாம் ஒண்ணுதான்' என்று ஒரே டப்பாவை வைத்து ஒப்பேற்றக் கூடாது.

ஷவர் விஷயமும் அப்படித்தான். நண்பர் வீட்டில் மழை போலக் கொட்டுகிறது என்று அதே மாடலை வாங்கிவந்து மாட்டினால், இங்கே சொட்டுச் சொட்டாக வரும். நண்பர் குளிப்பது தரைத்தளத்தில். டேங்க் இருப்பது இரண்டாம் மாடிக்கு மேல். இங்கேயோ டேங்குக்கு நேர் கீழே குளியலறை. டேங்குக்கும் ஷவருக்கும் இடையே 7 அடிதான் வித்தியாசம் என்றால், கிடைப்பது 0.2 பார் அழுத்தம். எந்த விலை ஷவரும் அதை மாற்றாது. டேங்கை உயர்த்த வேண்டும் அல்லது பம்ப் வைக்க வேண்டும்.

டேங்கை உயர்த்தும்போதும் கவனம் தேவை. ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன் எடை. "மொட்டை மாடியில எங்க வேணா வைக்கலாம்" என்று சொல்பவர், அந்த இடத்துக்குக் கீழே பீம் இருக்கிறதா, தூண் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதில்லை. இடத்தை முடிவு செய்ய வேண்டியவர் பொறியாளர்.

ஆக, ஒருவர் சொல்லும் அனுபவத்தை எடுத்துக்கொள்ளும் முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். அவர் வீடு எப்படிப்பட்டது? அளவு என்ன? சோதித்தாரா, எப்படி? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் அது பயனுள்ள அறிவுரை. இல்லையென்றால் அது விளம்பரத்துக்கு ஒரு படி மேல், அவ்வளவுதான்.

ஒரு தவறான அறிவுரை, அடுத்தவர் உயிர்

பைப் ஒழுகினால் நஷ்டம் வீட்டுக்காரருக்கு. செப்டிக் டேங்க் விஷயத்தில் அப்படி இல்லை. "அடியில கான்கிரீட் போடாதீங்க, தண்ணி மண்ணுல இறங்கிடும், டேங்க் சீக்கிரம் நிரம்பாது" என்ற யோசனை ஊர்ப்பக்கம் சகஜம். உண்மையில் அது செப்டிக் டேங்க் இல்லை, வெறும் உறிஞ்சுகுழி. அந்த வீட்டின் போர்வெல்லுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் கழிவு போய்ச் சேர அதுவே வழி. அடியும் சுவரும் கசியாமல் கட்டி, அதிலிருந்து தெளிந்து வரும் நீரைத்தான் தனிக் குழியிலோ வடிகாலிலோ விட வேண்டும்.

இன்னொன்று, மூடி. அழகு கெடும் என்று மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். லாரியின் குழாய் எட்டாத பின்கட்டில் டேங்கை வைக்கிறார்கள். பிறகு அடைப்பு ஏற்பட்டால் யாரையாவது உள்ளே இறக்கலாமா என்ற பேச்சு வரும். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற வாயுக்கள் சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும். இப்படி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. ஒவ்வொரு அறைக்கும் திறக்கக்கூடிய மூடி, லாரிக் குழாய் எட்டும் இடம், வாயு வெளியேறக் குழாய் இவற்றை வரைபடத்திலேயே உறுதி செய்துவிட்டால், பிற்காலத்தில் அந்தப் பேச்சே எழாது.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?"

எதிர்க் கேள்விகள் வரத்தான் செய்யும். 'நல்ல கம்பெனி பைப் போட்டால் போதாதா?' போதாது. கம்பெனி தரும் உத்தரவாதம் பொதுவாகத் தயாரிப்புக் குறைக்குத்தான். சைட்டில் ஒட்டிய ஜாயின்டுக்கு அல்ல. 'ஒரு நாள் வேலை நின்றால் செலவுதானே?' ஆமாம், செலவுதான். ஆனால் ஒட்டிய டைல்ஸை உடைத்து, பைப்பை மாற்றி, அதே நிற டைல்ஸைத் தேடி அலைவதை நினைத்தால் அது சின்னச் செலவு. 'மேஸ்திரி கோபித்துக்கொண்டால்?' இது நியாயமான பயம். பாதி வேலையில் போய் டெஸ்ட் கேட்டால், சந்தேகப்படுவதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். முதல் நாளே சொல்லி, அந்த ஒரு நாள் கூலியையும் சேர்த்துப் பேசிவிட்டால், அதுவும் வேலையில் ஒரு பகுதி ஆகிவிடும். பணம் தரும் தவணைகளில் 'பூச்சு முடிந்ததும்' என்பதற்கு முன்னால் 'பிரஷர் டெஸ்ட் முடிந்ததும்' என்று ஒரு வரி சேர்த்தால், எல்லோருக்கும் நல்லது.

ஃபிளாட் வாங்குபவர்களுக்கு?

சுவருக்குள் இருப்பதைப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பு குறைவு. ஆனால் சட்டம் துணைக்கு இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ சுட்டிக்காட்டப்பட்டால், கட்டுநர் தனிக் கட்டணம் இல்லாமல் 30 நாட்களுக்குள் சரிசெய்துதர வேண்டும். பலர் இதை அறியாமல் சொந்தக் காசில் ஆள் வைத்துப் பார்த்துவிடுகிறார்கள். கசிவு தெரிந்ததும் தேதி, போட்டோவோடு எழுத்தில் தெரிவிப்பது முக்கியம். "செக்யூரிட்டிகிட்ட சொல்லியிருக்கேன்" என்பது பின்னால் கணக்கில் வராது.

சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டுபவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டுக் கட்டுமானமும் ஒரு சேவையாகக் குறிப்பிடப்படுகிறது என்பதால் அங்கே போகலாம். ஆனால் கையில் எழுத்து ஒப்பந்தம் இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

கடைசியாக, வீடு கட்டி முடித்தவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. அடுத்துக் கட்டப்போகும் தம்பியோ தோழியோ கேட்டால், பிராண்டு பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், மீட்டர் முள் எத்தனை பாரில் எத்தனை மணி நேரம் நின்றது, ஃபோனில் இருக்கும் அந்தப் பைப் போட்டோ, ஒப்பந்தத்தில் சேர்த்த அந்த ஒரு வரி, முதல் தடவை எங்கே கசிந்தது என்பதையும் சேர்த்துக் கொடுக்கலாம். கேட்டவரின் அப்பா அதை சைட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார்.