வயசான நாய்க்குச் சொறி வந்தால் விரட்டத்தான் வேண்டுமா?



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். கம்பெனி கேட்டுக்கு வெளியேயும் டீக்கடை பெஞ்சுக்கு அடியிலும், முடி கொட்டி, தோல் கறுத்துத் தடித்து, ஓயாமல் சொறிந்துகொண்டு கிடக்கும் நாய்கள். எல்லாம் தெருவில் பிறந்தவை இல்லை. சிலவற்றின் கழுத்தில் பழைய பெல்ட் அப்படியே இருக்கிறது. பத்து வருஷம் வீட்டைக் காத்த நாயை, சொறி வந்ததும் வண்டியில் ஏற்றி வந்து இறக்கிவிட்டுப் போகிறார்கள். இது பெரிய தப்பு என்பது என் கருத்து.

வீட்டில் யாருக்காவது சர்க்கரையோ பிரஷரோ வந்தால் என்ன செய்கிறோம்? முழுசாகக் குணமாகாது என்று தெரிந்தும் ஆயுசுக்கும் மாத்திரை போட்டு, கட்டுக்குள் வைத்து வாழ்கிறோம். வயசான நாயின் தோல் நோயும் பெரும்பாலும் அப்படித்தான். "ஒரு ஊசியில் சரியாகணும், இல்லாவிட்டால் வெளியே போகட்டும்" என்பது என்ன நியாயம்?

எங்கள் மணிக்குப் பதினோரு வயசு. சாதாரண நாட்டு நாய். இரண்டு வருஷத்துக்கு முன் முடி கொட்ட ஆரம்பித்தது. டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார், பூச்சி இல்லை. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. இப்போது காலையில் எனக்குச் சர்க்கரை மாத்திரை, அவனுக்குத் தைராய்டு மாத்திரை. மழைக்காலத்தில் மட்டும் கால் விரலிடுக்கில் பூஞ்சை எட்டிப் பார்க்கும். மற்றபடி நன்றாக இருக்கிறான்.

சொறி என்று ஒரே பெயர் சொன்னாலும் காரணம் பல. கண்ணுக்குத் தெரியாத பூச்சியால் வருவதிலேயே இரண்டு வகை. ஒன்று மற்ற நாய்களுக்குத் தொற்றும். நமக்கும் கொஞ்ச நாள் அரிப்பு தரும். இன்னொன்று நமக்குத் தொற்றவே தொற்றாது. இவை தவிர உண்ணி, பூஞ்சை, ஒவ்வாமை, ஹார்மோன் கோளாறு எல்லாம் உண்டு. வயசான பிறகு புதிதாகத் தோல் கெட்டால் உள்ளே ஏதோ கோளாறு இருக்கலாம். எது என்று தெரியாமல் மருந்து போடுவது வினாத்தாளைப் படிக்காமல் விடை எழுதுவது மாதிரி.

நம் பக்கம் மெக்கானிக் ஷெட்டுக்குக் குறைவில்லை. கழிவு ஆயில் சும்மாவே கிடைக்கும். "அதைத் தடவுங்க டீச்சர், ரெண்டே நாளில் போயிடும்" என்று என்னிடமே எத்தனையோ பேர் சொன்னார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நாய் உடம்பை நக்கும். அந்த விஷம் நேராக வயிற்றுக்குப் போகும். மண்ணெண்ணெயும் அப்படியே, புண்ணான தோலை இன்னும் எரித்துவிடும். மெடிக்கலில் நாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு அரிப்பை அடக்கும், ஆனால் நோய் உள்ளே வளரும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை அளவு தெரியாமல் போடுவதும் ஆபத்து. கோலி போன்ற சில இனங்களுக்கு உயிரே போய்விடும்.

"செலவாகுமே டீச்சர்" என்பீர்கள். ஆகும்தான். ஓய்வூதியத்தில் வாழும் எனக்கும் அது தெரியும். ஆனால் அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. அங்கே முடியாவிட்டால் வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மீதி வேலையெல்லாம் நம் கையில்:

1. தினமும் ஐந்து நிமிஷம் காது, அக்குள், விரலிடுக்கு, வால் அடி பாருங்கள்.

2. நம் சோப்பு வேண்டாம். டாக்டர் சொன்ன ஷாம்பூவைப் போட்டுப் பத்து நிமிஷம் ஊறவிட்டு அலசுங்கள். பிறகு ஈரம் போகத் துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது ரொம்ப முக்கியம்.

3. படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். உண்ணி நாயின் மேல் முட்டையிடாது. கீழே இறங்கி சுவர் இடுக்கில்தான் ஆயிரக்கணக்கில் இடும். அதனால் வீட்டையும் சுத்தம் செய்யுங்கள்.

4. சரியாகிவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வளர்த்த பிராணியைப் பசி தாகத்தில் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய காரியமா இது? வயசான பெற்றோரை வைத்துப் பார்க்கும் பிள்ளைகள் நீங்கள். உங்களுக்கு நான் இதைச் சொல்லவே தேவையில்லை.

அடுத்த வாரம் ஷிப்ட் முடிந்து வரும்போது கேட்டருகில் அப்படி ஒரு நாயைப் பார்த்தால், கல்லெடுப்பவரைத் தடுங்கள். நாலு பேர் சேர்ந்து டாக்டரிடம் காட்டுங்கள். மருந்துப் பெயர் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், நான் டீச்சர்தான், டாக்டர் இல்லை!

அன்புடன்,
உங்கள் டீச்சர்