சாவி யாரிடம் இருக்கிறது?

தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும், பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும். நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்கப் பழகுகிறவர்களுக்கு யாராக இருந்தாலும் முதலில் சொல்வது இதைத்தான். மணிக்கு அரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அதற்கு மேலேயே வேண்டும். சரியான அறிவுரைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு இதைச் சொன்னவர்கள் எல்லாரும் ஆண்கள். குடித்த தண்ணீருக்கு வழியில் எங்கே இறங்குவது என்ற கேள்வி அவர்களுக்கு வந்ததே இல்லை. அவர்களுக்கு ஒரு புளியமரம் போதும்.

எனக்கு 49 வயது. புதுக்கோட்டையில் ஒரு கடன் சங்கத்தில் காசாளர் வேலை. வருகிற தை மாதம் இங்கிருந்து ராமேஸ்வரம் வரை சைக்கிளில் போவதென்று முடிவெடுத்து, ஆனியிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறேன். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம், பாம்பன் என்று கடலோரமாகப் போகும் வழி. ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இரண்டு நாளில் போய்ச் சேரலாம் என்பது என் கணக்கு. இதே தூரத்தை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்கிற 'பிரவே' பயணங்கள் பிரான்ஸில் தொடங்கி இப்போது நம் பக்கமும் நடக்கின்றன. என் அண்ணன் மகன் ஒன்றை முடித்துப் பதக்கம் வாங்கியிருக்கிறான். "ரெண்டு நாள் எதுக்கு அத்தை, ஒரே நாள்ல அடிச்சிரலாம்" என்கிறான். அடிக்கலாம். எனக்கு அவசரமில்லை, வழியில் தேவிபட்டினத்து நவபாஷாணத்தையும் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

சைக்கிள் எனக்குப் புதிதல்ல, தூரம்தான் புதிது. 1991-92இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். எழுத்துக் கற்றுத்தரப் போன இயக்கம் சைக்கிளையும் சேர்த்துக் கற்றுத்தந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பழகியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அந்த லட்சத்தில் என் அம்மாவும் ஒருவர். கையெழுத்துப் போடப் பழகிய கையோடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்பாவின் சைக்கிளில் ஏறினார். பார் வைத்த ஆம்பளை சைக்கிள்தான் அவருக்குப் பிடித்தது. முன்னால் தம்பியை உட்கார வைக்கலாம், பின்னால் குடத்தைக் கட்டலாம். பார்த்துச் சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், அம்மா போய்க்கொண்டே இருந்தார். அதனால் 'இந்த வயசுல எதுக்கு இது' என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குக் கோபம்கூட வருவதில்லை.

பழக ஆரம்பித்தபோது கால் வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். வலித்தது உட்காருகிற இடம். பஞ்சு மெத்தை மாதிரி இருக்கிற சீட்தான் நல்லது என்று நினைத்துக்கொண்டு வாங்குகிறோம், தூரம் கூடக் கூட அதுதான் அதிகம் உறுத்துகிறது. இடுப்பெலும்பு இரண்டும் ஊன்றி உட்காரக் கொஞ்சம் கெட்டியான, நம் அகலத்துக்குப் பொருந்துகிற சீட் வேண்டும். சைக்கிள் கடைத் தம்பி என்னைச் சுவரோரமாக வண்டியில் ஏற்றி, ஒரு மிதியை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, குதிகாலை அதில் வைக்கச் சொன்னார். "கால் நேரா நீளணும்க்கா. அப்புறம் முன்பாதத்தை வச்சு மிதிச்சா முட்டி லேசா மடங்கும். அதுதான் உங்க உயரம்." சீட்டை இரண்டு விரற்கடை ஏற்றினார். அன்றோடு முட்டிவலி போனது. இதற்கு அவர் காசு வாங்கவில்லை.

ஆடிக் காற்றுதான் உண்மையான வாத்தியார். குடுமியான்மலை சாலையில் மேற்கே பார்த்துப் போனால் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தால் மூச்சு வாங்கும். கியரை இறக்கி, கால் சுற்றுகிற வேகத்தை மட்டும் மாற்றாமல், ஊர்ந்து போக வேண்டும். தை மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காற்றுதான் காரணம். அப்போது வடகிழக்கிலிருந்து வரும். மீமிசல் வரை கொஞ்சம் தொந்தரவு செய்தாலும், அதற்கப்புறம் தெற்கே திரும்பியதும் முதுகுப் பக்கமாக வந்து உதவும். பாம்பன் பாலத்தில் பக்கவாட்டில் அடிக்கும், அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதாக இருக்கிறேன். 1988இல் திறந்த பாலம் அது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கடலுக்கு மேலே நடந்து போக யாருக்குக் கசக்கும்?

பஞ்சரையும் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் சீமை முழுக்க சீமைக்கருவேலம். அதன் முள் டயரைத் துளைத்து டியூபில் இறங்கி, உள்ளேயே ஒடிந்து நிற்கும். டியூபை மாற்றினால் மட்டும் போதாது. டயரின் உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டித் தடவி, ஒடிந்த நுனியைத் தேடிப் பிடுங்க வேண்டும். இல்லாவிட்டால் புது டியூபும் அடுத்த ஊர் வருவதற்குள் பஞ்சராகிவிடும். நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கியர் சைக்கிளுக்கு ஒல்லி வால்வு. வழியில் இருக்கும் பஞ்சர் கடைப் பம்பு அதற்குச் சேராது. பத்து, இருபது ரூபாய்க்கு ஒரு பித்தளை மூடி கிடைக்கிறது, அதைத் திருகிவிட்டால் எந்தக் கடையிலும் காற்று அடிக்கலாம். அது இப்போது என் சாவிக்கொத்தில் தொங்குகிறது.

ஆக உடம்புக்கு வழி இருக்கிறது, வண்டிக்கு வழி இருக்கிறது. ஞாயிறுதோறும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். நார்த்தாமலை, திருமயம், அப்புறம் அறந்தாங்கி. கடலை மிட்டாய், வாழைப்பழம், உப்புப் போட்ட நீராகாரம் என்று வயிற்றுக்கும் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. ஆவுடையார்கோவில் வரை போக ஆரம்பித்தபோதுதான் கணக்கு இடித்தது. விடிகாலை 5 மணிக்குக் கிளம்பினால் 8 மணிக்குள் ஒருமுறையாவது ஒதுங்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறை ஊருக்கு உள்ளே இருக்கும். டீக்கடைக்காரரிடம் கேட்டால் கடைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையைக் காட்டுவார். சாலையோரப் பள்ளிக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பூட்டு. பெட்ரோல் பங்கில் 'பெண்கள்' என்று பலகை இருக்கிறது, கதவு இருக்கிறது, கதவில் பூட்டும் இருக்கிறது. பெட்ரோல் போடுகிற பையன் சங்கடத்தோடு சொன்னான்: "சாவி முதலாளிகிட்ட இருக்குக்கா. அவர் பத்து மணிக்குத்தான் வருவாரு."

பத்து மணிக்கு முதலாளி வரும்போது நான் வீட்டில் இருப்பேன்.

பெண்கள் இதற்கு என்ன செய்வோம் என்று பெண்களுக்குத் தெரியும். தண்ணீர் குடிப்பதைக் குறைப்போம். பஸ்ஸில் திருச்சி போகும்போதும் அதைத்தான் செய்கிறோம். கல்யாண வீட்டிலும் தேர்தல் வேலையிலும் அதைத்தான் செய்கிறோம். பஸ்ஸில் இது வெறும் அவஸ்தை. சைக்கிளில் அப்படியல்ல. வியர்வையில் தண்ணீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்க, நாம் குடிக்காமல் இருந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், தலை கிறுகிறுக்கும், வெயிலேறினால் மயக்கமே வரும். அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்று தனிக் கதை. மாதவிடாய் நிற்கிற வயதில் அது இன்னும் சீக்கிரம் வரும் என்று எங்கள் டாக்டரம்மா எச்சரித்திருக்கிறார். உட்காருகிற இடம் புண்ணாகாமல் இருக்க நாங்கள் போடுகிற பஞ்சு வைத்த கால்சட்டையும் சுலபமாக இறக்கி ஏற்றுகிற உடுப்பு அல்ல, மறைவும் தண்ணீரும் இல்லாத இடத்தில் அதைத் தொடவே முடியாது.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான். ஒரு பெண் சைக்கிளில் எவ்வளவு தூரம் போவாள் என்பதை அவள் காலும் தீர்மானிப்பதில்லை, சைக்கிளின் விலையும் தீர்மானிப்பதில்லை. இரண்டு கழிப்பறைகளுக்கு நடுவே இருக்கும் தூரம்தான் தீர்மானிக்கிறது.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் பிரச்சினை, இதற்கு அரசாங்கம் செலவு செய்ய வேண்டுமா என்று என் அலுவலகத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் ஓய்வு நாளில் போகிறேன், வேண்டாமென்றால் வீட்டில் இருக்கலாம். ஆனால் அந்த விடிகாலையில் அந்தச் சாலையில் நான் மட்டும் போவதில்லை. அன்னக்கூடையில் மீன் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். கூலி வேலைக்கு மண்வெட்டியோடு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அரசு கொடுத்த சைக்கிளில் டியூஷனுக்குப் போகும் பிளஸ் ஒன் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பள்ளிக்கூடத்தில் சைக்கிள், பஸ்ஸில் இலவசம், அதற்கும் முன்னால் எங்கள் ஊரில் அறிவொளி. பெண்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த மாநிலம் நிறையவே செய்திருக்கிறது, நான் அதன் பலனை அனுபவித்தவள். கிளம்பினவர்கள் நடுவழியில் இறங்குவதற்குத்தான் ஒன்றும் செய்யவில்லை.

செய்யத் தெரியாதவர்களும் அல்ல நாம். நான் போகப்போகிற கடலோர வழி பழைய சேது யாத்திரைக்காரர்களின் வழி. தஞ்சாவூர் மராட்டிய மன்னர்கள் இந்த யாத்திரை வழியில் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802இல் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது, மீமிசலிலும் அவர்கள் காலத்துச் சத்திரம் ஒன்று உண்டு. சாப்பாடும் படுக்க இடமும் மட்டுமல்ல. நோய்ப்பட்டவர்களுக்கு மருந்து, வழியில் பிரசவித்த பெண்ணுக்குக் கவனிப்பு எல்லாம் சத்திரத்தில் உண்டு என்று சரபோஜியே ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதியிருக்கிறார். நடந்து போகிறவர் ஒரு நாளில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று கணக்குப் பார்த்துத் தங்குமிடம் அமைத்த ஊர் இது. மன்னராட்சியைப் புகழ எனக்கு ஆசையில்லை. சாலை என்றால் தாரும் வெள்ளைக் கோடும் மட்டுமல்ல என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

புதிதாக ஒன்றும் கட்டவும் வேண்டாம். 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் மகளிர் சுகாதார வளாகம் என்று கட்டினார்கள். கழிப்பறை, குளியலறை, துணி துவைக்கக் கல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்த கட்டடம். பிறகு ஒருமுறை பழுதுபார்த்து வர்ணமும் அடித்தார்கள். என் பயிற்சி வழியில் சாலையிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி சில வளாகங்கள் இருக்கின்றன. ஒன்றில் மோட்டார் இல்லை. இன்னொன்றில் மோட்டார் இருக்கிறது, வைக்கோலும் இருக்கிறது. ஒன்றே ஒன்று சுத்தமாக இருந்தது. எதிர் வீட்டுப் பாட்டி தன் பொறுப்பில் சாவியை வைத்திருந்தார். அந்தம்மாவுக்கு ஊராட்சியில் சம்பளம் ஏதும் இல்லையாம். நான் 10 ரூபாய் நீட்டியதும் முறைத்தார். "வீட்டுக்கு வர்ற பொம்பளைப் பிள்ளைக்கிட்ட இதுக்கா காசு வாங்குவாங்க? போ, போயிட்டு வா. தண்ணி மொண்டு ஊத்திரு."

அவர் வாங்க வேண்டாம், அடுத்தவர் வாங்கட்டும். மகளிர் குழுவிலிருந்து ஒருவருக்கு மாதச் சம்பளம் போட்டு, காலை 5 மணிக்குத் திறக்கச் சொல்லி, வெளியாட்களிடம் 5 ரூபாயோ 10 ரூபாயோ வாங்கச் சொல்லலாம். நெடுஞ்சாலையில் ஊர்ப்பெயர்ப் பலகைக்குக் கீழே ஓர் அம்புக்குறி. எல்லா ஊராட்சியிலும் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, முக்கியச் சாலையை ஒட்டியிருக்கும் வளாகங்களில் மட்டும். திறந்து வைத்தால் நாசம் பண்ணுகிறார்கள், அதனால்தான் பூட்டுகிறோம் என்று பங்க் முதலாளிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆண்கள் பக்கத்தை எட்டிப் பார்த்த யாரும் அதை மறுக்க மாட்டார்கள். அப்படியென்றால் பெண்கள் கழிப்பறைச் சாவியைப் பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று பங்கில் நிற்கிற ஊழியரிடமே கொடுத்து வைக்கலாமே. வீட்டுக்கு எடுத்துப் போவானேன்?

என் நோட்டில் ராமேஸ்வரம் வரைக்கும் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். தண்ணீர் கிடைக்கும் இடம், பஞ்சர் கடை, நிழல், ஒதுங்க இடம் என்று நான்கு கட்டங்கள். முதல் மூன்றும் ராமநாதபுரம் வரை கிட்டத்தட்ட நிரம்பிவிட்டன. நான்காவதில் ஆவுடையார்கோவில் வரை எழுதியிருக்கிறேன், தொண்டியில் அலுவலகத் தோழியின் சின்னம்மா வீடு இருக்கிறது. தொண்டியிலிருந்து உப்பூர் வழியாகத் தேவிபட்டினம் வரைக்கும் இன்னும் காலி. அந்தப் பக்கத்து ஊராட்சிகளில் இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால், பொங்கலுக்கு முன்னால் உங்கள் ஊர் வளாகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்து வையுங்கள்.