மகிஷாசுரமர்த்தினி: தமிழில் சொல்லிப் பாருங்கள்

நவராத்திரி வந்துவிட்டால் செங்கோட்டை, தென்காசிப் பக்கம் விடியும் முன்பே ஒலிபெருக்கியில் மகிஷாசுரமர்த்தினி ஸ்தோத்திரம் தொடங்கிவிடும். தாளம் நன்றாக இருக்கும். பொருள் கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. அதே நேரத்தில் ஏதோ ஒரு வீட்டில் தூங்குகிற பிள்ளையை அம்மா எழுப்புவார்: "எருமை மாடே, எந்திரி!"

ஸ்தோத்திரத்தில் இருப்பதும் இந்த எருமைதான். மகிஷம் என்றால் எருமை. மர்த்தினி என்றால் நசுக்குகிறவள். எருமை அசுரனை நசுக்கிக் கொன்றவள் என்பதே அந்தப் பெயர்.

ஏன் கொன்றாள்? பெயர் சொல்லாது. மார்க்கண்டேய புராணத்தின் தேவி மாகாத்மியம் சொல்கிறது: மகிஷன் தேவர்களைப் போரில் வென்று இந்திரன் இடத்தில் அமர்ந்தான். பதவி இழந்த தேவர்கள் சிவனிடமும் விஷ்ணுவிடமும் ஓடினார்கள். அவர்களின் கோப ஒளி சேர்ந்து தேவி உருவானாள். ஆயுதங்களையும் அவர்களே கொடுத்தார்கள். ஆக, மகிஷன் மீதான முதல் குற்றச்சாட்டு, நாற்காலி.

நாற்காலிக்காகக் கொல்வது நமக்குப் புராணக் கதையா தோழர்களே? மேலவளவு தனி ஊராட்சியின் தலைவராக வென்றார் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து, அவரோடு சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றது சாதிவெறி.

"அது சாமி கதை, இதில் சாதியை ஏன் இழுக்கிறாய்?" என்பார்கள். மகிஷன் உண்மையில் வாழ்ந்தான் என்று நான் வாதாடவில்லை. ஆனால் யார் அசுரன் என்று முடிவு செய்தது யார்? அகநானூற்றின் 36ஆம் பாடலில், பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்துத் தலையாலங்கானத்தில் நின்றவர்களில் ஒருவன் எருமையூரன். எருமையூர் இன்றைய மைசூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அன்று ஒரு மன்னனைக் குறித்த சொல், இன்று வசைச் சொல். நாட்டின் பாலில் ஏறத்தாழ பாதியைத் தருவது எருமை. ஆனாலும் 'மாதா' பட்டம் பசுவுக்கு மட்டும். கறுப்புக்கும் சேற்று உழைப்புக்கும் பார்ப்பனியம் தந்திருக்கும் இடம் இதுதான்.

மைசூரில் தலித், பகுத்தறிவு அமைப்புகள் 'மகிஷ தசரா' நடத்துகின்றன. 2019இல் சாமுண்டி மலையில் அதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. கொன்றதைப் பத்து நாள் கொண்டாடலாம். கொல்லப்பட்டவனுக்கு ஒரு நாள்கூடக் கிடையாது!

கும்பிடுகிற பாட்டியிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அடுத்த நவராத்திரிக்கு அந்தப் பெயரின் பொருளைத் தமிழில் சொல்லுங்கள். "எருமை என்ன தப்பு செஞ்சுது?" என்று கேளுங்கள். முதலில் நம் வீட்டில், "எருமை மாடே" என்று பிள்ளையைத் திட்டுவதை நிறுத்துங்கள்.