பிரிக்கப்படாத பெட்டியின் பெருமை

அறிவியல் புனைவுத் திரைப்படங்களையொட்டி வெளிவந்த பழைய பொம்மைகளைச் சேகரிப்போரிடையே ஒரு விசித்திரமான அறம் நிலவுகிறது. பெட்டியைப் பிரித்தவன் பாவி, பிரிக்காதவன் புண்ணியவான். எந்தக் குழந்தையின் விரலும் படாத பொருளுக்கே அங்கே உச்ச மதிப்பு. இதைச் சேகரிப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை. இது பதுக்கல்.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்துக் கென்னர் நிறுவனம் 1978இல் வெளியிட்ட 'டெத் ஸ்டார்' பிளேசெட்டையே எடுத்துக்கொள்வோம். பிளேசெட் என்பது தனிப் பொம்மை அன்று. பொம்மைகள் நடமாடுவதற்கான அரங்கு. 'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்தின் விண்கோட்டையைப் பிளாஸ்டிக் மாடிகளாகவும் அச்சிட்ட அட்டைப் பின்னணிகளாகவும் அதில் சுருக்கியிருந்தார்கள். ஒரு லிஃப்ட், உச்சியில் ஒரு பீரங்கி, பள்ளத்தைத் தாண்ட ஒரு கயிறு, அடித்தளத்தில் குப்பை நசுக்கும் அறை. திருகைச் சுழற்றினால் அவ்வறையின் சுவர் நெருங்கிவரும். குப்பைக்குப் பதிலாக நுரைத் துண்டுகள். அவற்றினூடே ஒரு பச்சை ஜந்து. மூன்றே முக்கால் அங்குல நாயகன் அங்கே நசுங்குவானா, தப்புவானா என்பதைப் பெட்டி சொல்வதில்லை. திருகைப் பிடித்திருக்கும் குழந்தைதான் சொல்ல வேண்டும்.

வாசகனின்றிப் பிரதி முழுமையடையாது என்று வாதிடச் சிற்றிதழ்களில் எத்தனை பக்கங்களைச் செலவிட்டிருக்கிறோம்! பிளேசெட் அந்தக் கருத்தின் பிளாஸ்டிக் வடிவம். அது முடிக்கப்படாத படைப்பாகவே தொழிற்சாலையை விட்டு வெளிவருகிறது. பிரிட்டனில் பாலிடாய் நிறுவனம் இதே கோட்டையைப் பெரும்பாலும் அட்டையிலேயே செய்து விற்றது. 1977 கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகள் தயாராகாதபோது, கென்னர் ஓர் அட்டை உறையையும் சான்றிதழையும் விற்றது. நான்கு பொம்மைகள் மறு ஆண்டு அஞ்சலில் வந்தன. விற்கப்பட்டது பொருளன்று, கற்பனைக்கான அனுமதி. அந்த அனுமதியைப் பயன்படுத்தாமலே பூட்டிவைப்பதில் என்ன பெருமை?

பிரிக்காதவர்களே வரலாற்றைக் காக்கிறார்கள் என்பது எதிர்வாதம். எத்தனை பாகங்கள், எப்படி அடுக்கப்பட்டன என்றறியச் சில முழுப் பெட்டிகள் வேண்டும்தான். மறுக்கவில்லை. ஆனால் காலம் ஒட்டுநாடாவுக்குக் கட்டுப்படுவதில்லை. நுரை பொடிகிறது, பிளாஸ்டிக் மஞ்சளாகிறது, மூடிய பெட்டிக்குள்ளும். திறந்து பாராதவருக்கு உள்ளே இருப்பது பொம்மையா பொடியா என்பதே தெரியாது. தெரியாத ஒன்றை ஒருவர் காப்பதாகச் சொல்வது எவ்வாறு?

இதற்கு மேல், நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு அக்ரிலிக் பேழையில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் வேறு. அட்டையின் மூலை மடங்கவில்லை, வண்ணம் மங்கவில்லை; ஆகவே மதிப்பெண். விடைத்தாள் திருத்தியே கண் மங்கிவரும் ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒன்றும் எழுதப்படாத தாளுக்கு அதன் வெண்மைக்காக மதிப்பெண் வழங்கும் செயல் இது.

இந்த அறத்தின் உச்சத்தை 2024இல் பார்த்தோம். முதுகிலிருந்து ஏவுகணை பாயும் 'போபா ஃபெட்' பொம்மையின் மாதிரி ஒன்று 5,25,000 டாலருக்கு ஏலம் போயிற்று. குழந்தைகளின் தொண்டையில் ஏவுகணை சிக்கும் என்ற அச்சத்தால் 1979இல் விற்பனைக்கு வராமலே நின்றுபோன வடிவம் அது. எந்தக் குழந்தையிடமும் போய்ச் சேராத பொம்மைக்குத்தான் இவ்வளவு விலை. அபூர்வம் என்பார்கள். அபூர்வத்திற்கு விலை இருக்கலாம். அதையே பண்பாட்டு மதிப்பு என்று நம்மிடம் விற்கக் கூடாது.

சேகரிப்பாளர் என்ற சொல்லுக்கு உரியவர்கள் வேறு சிலர். பாதி உடைந்த டெத் ஸ்டாரை வாங்கி, தொலைந்த பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பவர்கள். பொடிந்த நுரைக்கு மாற்று வெட்டிவைத்து, திருகு இன்றும் சுழல்கிறதா என்று பார்ப்பவர்கள். அட்டையின் பின்புறம் யாரோ ஒரு சிறுவன் பேனாவால் கிறுக்கிய பெயரை அழிக்காமல் விடுபவர்கள். சந்தை அந்தக் கிறுக்கலைப் பழுது என்கிறது. அந்தப் பொருள் தன் வேலையைச் செய்தது என்பதற்கான ஒரே சாட்சி அதுதான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பத்துப் பெட்டிகளை மூடிவைத்திருப்பவர் ஒன்றையாவது பிரித்து ஒரு குழந்தையின் முன் வைக்கட்டும். விலை சரியும். சரியட்டுமே.