ஆங்கிலப் பிழையும் தமிழ்ப் பண்பும்

"வாட் இஸ் யுவர் குட் நேம்?" என்று எவரேனும் கேட்டுவிட்டால் நம்மவருள் படித்தவர்கள் நகைக்கின்றனர். பெயரில் நல்லதென்றும் கெட்டதென்றும் உண்டோ என்கின்றனர். 'இஸ்மே ஷரீஃப்' என்று உருதுவில் பெயர் வினவும் நயத்தையும், இந்தியின் 'சுப் நாம்' என்னும் வழக்கையும் இந்த ஐதராபாத்தில் கேட்டுப் பழகியவர்களே இவர்கள். உருதுவில் கேட்டால் நாகரிகம். அதே பணிவை ஆங்கிலச் சொற்களில் பெயர்த்துக் கேட்டால் நகைப்பு! இந்நகைப்பைக் கண்டிக்கவே இதனை எழுதுகின்றேன்.

கண்டிக்கும் தகுதி எனக்கு உண்டா என்பது வேறு. என் இல்லத்தில் முதலில் நகைத்தவன் நானே. விருந்தினர் முன்னிலையில் என் மனைவி "ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்" என்றார். நான் சிரித்துத் திருத்தினேன். அடுத்த வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். "அம்மா, நீ வராதே, அப்பா வரட்டும்" என்றான் மகன். எங்கே கற்றான் என்று நான் கேட்கவில்லை. விடை தெரிந்த வினா அது.

அந்த அம்மையார் காய்கறிக்காரரிடம் தெலுங்கு பேசுகிறார், ஆட்டோக்காரரிடம் தக்கினி உருது பேசுகிறார், எங்களிடம் தமிழ். நான்காவது மொழியில் ஒரு வினைவடிவம் பிசகிற்று. பிசகியதற்கும் காரணம் உண்டு. தமிழில் 'வருகிறேன்' என்னும் ஒரே வடிவம், நாள்தோறும் வருவதையும் இப்போது வந்துகொண்டிருப்பதையும் குறிக்கும். ஆங்கிலமோ இரண்டையும் பிரித்தே ஆகவேண்டும் என்கிறது. பிரித்தபின், உடைமையைச் சொல்லுங்கால் தொடர்வடிவம் ஆகாது என்றும் விலக்குகிறது. இதனை விளக்குவார் இலர், சிரிப்பார் பலர்.

இன்னொரு பழியும் நம்மீது உண்டு: தமிழர் ஆங்கிலத்தில் மரியாதையின்றிப் பேசுவர் என்பது. "கிவ் மீ தட் ஃபைல்" என்று நாம் கேட்கிறோம். கேட்பவர் முகம் சுளிக்கிறார். நம் மனத்தில் இருந்ததோ 'அந்தக் கோப்பைத் தாருங்கள்' என்பதே. தமிழில் பணிவு வினையின் இறுதியிலேயே தங்கிவிடும். தெலுங்கில் 'அண்டி' என்பது அத்தகையதே. ஆங்கில ஏவல்வினையோ அரசனுக்கும் ஏவலாளுக்கும் ஒன்றே. முன்னாளில் 'தௌ' ஒருமையாகவும், 'யூ' பன்மையாகவும் மரியாதைச் சொல்லாகவும் வழங்கின. பொதுப்பேச்சினின்று 'தௌ' வழக்கொழிந்தபின் எல்லாரும் 'யூ' ஆயினர். உயர்த்திச் சொல்ல வேறு வழி வேண்டும் அன்றோ? ஆகவேதான் கட்டளையைக் கேள்வியாக்கி 'குட் யூ', 'வுட் யூ' என்று சுற்றிவருகின்றனர். அங்கே 'குட்' என்னும் இறந்தகால வடிவம் காலத்தைக் குறிப்பதன்று. கேட்பவர் சற்றுத் தள்ளி நின்று கேட்கிறார் என்பதைக் குறிப்பது. 'ப்ளீஸ்' என்பதை மட்டும் ஏவலின் தலையில் ஒட்டினால் அது மெருகிட்ட கட்டளையே.

இவ்வேறுபாடு நமக்குப் புதிதன்று. தாழ்ந்தோன் 'ஈ' என்றும், ஒப்போன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் கேட்பதாகத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். ஒருவரைப் பன்மையால் சுட்டுவது இலக்கண நெறியன்று என்று அறிந்தும், வழக்கில் வந்த உயர்சொல் என்று அவர் அதனை ஏற்றுக்கொண்டார். இலக்கண ஆசிரியரே மரியாதைக்கு வழிவிட்டார்; நாமோ இலக்கணத்தைக் காட்டி மரியாதையை விரட்டுகிறோம்.

பணிவு என்று நாம் கற்ற அலுவலக ஆங்கிலமும் வேடிக்கையானது. பள்ளி விடுப்புக் கடிதத்தில் 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று பிள்ளைகளை இரக்கச் சொல்கிறோம். காய்ச்சல் கண்ட பிள்ளை எதற்காக இரக்கவேண்டும்? நான் நாள்தோறும் தட்டச்சிடும் அலுவலகக் குறிப்பாணையில் விளிப்பும் இல்லை, 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'யும் இல்லை. படர்க்கையில் தொடங்கிக் கையொப்பத்திலும் பதவிப்பெயரிலும் முடியும். அதனை மரியாதைக்குறைவு என்று எவரும் திருப்பி அனுப்பியதில்லை.

பிழை இருந்தால் இருக்கட்டும் என்று நான் வாதிக்கவில்லை. ஓய்வூதிய ஆணையில் ஒரு 'நாட்' விடுபட்டால் ஒரு குடும்பம் அல்லற்படும். வரைவில் பிழை கண்டால் சிவப்பு மையைத் தாராளமாகச் செலவிடுங்கள். ஆங்கிலம் கற்பிப்போரைப் பயிற்றுவதற்கென்றே இந்நகரில் 1958இல் நடுவண் ஆங்கில நிறுவனம் தோன்றியது. 2007இல் அது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாயிற்று. அப்பணியை அவர்கள் செய்யட்டும். நம் வீட்டுக் கூடமும் சங்கத்தின் விழா மேடையும் தேர்வுக்கூடங்கள் அல்ல. சென்ற ஆண்டுவிழாவில் வரவேற்புரையாற்றிய அம்மையாரின் ஆங்கிலத்தைக் கேட்டு முன்வரிசையில் எழுந்த சிரிப்பு யாருடையது என்பது அவ்வரிசையினருக்குத் தெரியும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்திற்கு என் மனைவியே சென்றார். நான் பின்னால் அமர்ந்திருந்தேன். "மேடம், ஐ ஆம் ஹேவிங் ஒன் டவுட்" என்று தொடங்கினார். மகன் என்னைப் பார்த்தான். நான் ஆசிரியையைப் பார்த்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "செப்பண்டி" என்றார்.